குப்பியில் பிடித்த மேகம்

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள் அந்த மாணவன் என் மேசைக்கு வந்துவிட்டான். கையில் இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில்.

"சார், வெள்ளிக்கிழமை எவ்வளவு நல்லா மேகம் வந்துச்சு! இன்னைக்கு எத்தனை தடவை அமுக்கினாலும் வரமாட்டேங்குது சார். பாட்டில் கெட்டுப்போச்சா?"

அந்தச் சோதனையை எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் செய்துகாட்டுவேன். பாட்டிலில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, ஊதுவத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே பிடித்து, மூடியை இறுக்க வேண்டும். இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிவிட்டுச் சட்டென்று விட்டால் பாட்டில் முழுக்க வெள்ளையாகப் பனிமூட்டம் நிற்கும். திரும்ப அமுக்கினால் மறையும். அமுக்கும்போது காற்று சூடாகிறது, விடும்போது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தாங்க முடியாத நீராவி துளியாகிறது. இவ்வளவுதான் பாடம். குன்னூரில் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மலைச்சரிவில் காற்று ஏறிக் குளிர்வதும், மதியம் இரண்டு மணிக்கே வகுப்பு ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாமல் 'மிஸ்ட்' இறங்குவதும் அவர்களுக்குத் தினசரிக் காட்சி.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மூடியைத் திறக்கவே இல்லையாடா?"

"இல்ல சார். அப்படியேதான் வெச்சிருந்தேன்."

மூடியைத் திறந்து, வகுப்பறைக் காற்றை உள்ளே விட்டு, மூடி, அவனிடமே கொடுத்தேன். அமுக்கி விட்டான். மெல்லியதாக ஒரு மேகம் எழுந்தது. அவன் கண்கள் விரிந்ததை இன்றும் மறக்கவில்லை. அந்தப் பையன் தனக்குத் தெரியாமலே 1875ஆம் ஆண்டின் ஒரு கண்டுபிடிப்பைத் திரும்பச் செய்திருந்தான்.

பாரிஸில் வால்-த-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய போல்-ழான் கூலியே அந்த ஆண்டில் ஏறக்குறைய இதே சாமானை வைத்திருந்தார். ஒரு கண்ணாடிக் குடுவை, அடியில் கொஞ்சம் நீர், குழாயில் பொருத்திய ஒரு ரப்பர்ப் பந்து. பந்தை அமுக்கி விட்டால் குடுவைக்குள் மூட்டம் வந்தது. அதே காற்றைச் சில நாள் அடைத்துவைத்துச் செய்தால் வரவில்லை. பஞ்சின் வழியே வடிகட்டிய காற்றிலும் வரவில்லை. வெளிக்காற்றைக் கொஞ்சம் விட்டதும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று காற்றில் மிதக்கிறது. நீராவி துளியாவதற்கு அது தேவைப்படுகிறது. விட்டுவைத்தால் அது படிந்துவிடுகிறது என்று கூலியே கண்டுகொண்டார்.

அவர் எழுதியதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, அதைப் பற்றி அறியாமல், ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் ஊர்க்காரரான ஜான் எய்ட்கன் அதே முடிவுக்கு வந்தார். எய்ட்கன் கப்பல் எஞ்சின் தொழில் பயின்றவர். உடல்நலம் கெட்டதால் அந்தத் தொழிலை விட்டு, வீட்டிலேயே ஒரு பட்டறையும் ஆய்வுக்கூடமும் வைத்துக்கொண்டார். கல்லூரிப் பதவி எதுவும் கிடையாது. தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்தார். இரண்டு பெரிய கண்ணாடிக் கலன்கள்: ஒன்றில் சாதாரணக் காற்று, மற்றதில் பஞ்சில் வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலனில் அடர்ந்த வெண்மூட்டம். இரண்டாவதில் எதுவும் இல்லை, அத்தனை நீராவி இருந்தும் தெளிவாகவே இருந்தது. 1880 டிசம்பரில் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாக வாசித்தார். தூசி இல்லாவிட்டால் மூடுபனி இல்லை, மேகம் இல்லை என்பது அவர் சொன்ன முடிவின் சாரம். தூசி இல்லாத உலகில் நீராவி மரத்தின் மீதும் வீட்டுச் சுவரின் மீதும் நம் உடையின் மீதும்தான் நேரடியாகப் படியும் என்றும் அவர் விளக்கினார். கூலியே முந்திச் செய்தது தெரியவந்ததும் அதை ஒப்புக்கொண்டார்.

எய்ட்கன் மேல் எனக்கு உள்ள மதிப்புக்குக் காரணம் அதற்கு அடுத்து அவர் செய்த வேலை. தூசி உண்டு என்று சொன்னதோடு நிற்காமல் அதை எண்ணத் தொடங்கினார். துகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் மேல் நீர் படிந்து துளியானால் தெரியும் அல்லவா? ஒரு சின்னப் பெட்டி, சதுரக் கட்டம் கீறிய ஒரு தட்டு, மேலே ஒரு பூதக்கண்ணாடி. சுத்தமான காற்றோடு சோதிக்க வேண்டிய காற்றைச் சிறிதளவு கலந்து, பம்பை இழுத்துக் குளிரவைத்தால், ஒவ்வொரு துகளும் ஒரு துளியாகித் தட்டில் விழும். கட்டத்தில் விழுந்த துளிகளை எண்ணிப் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். அவருடைய முதல் பட்டியலில், மழை பெய்த பின் வெளிக்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 32,000 துகள். மழையற்ற நாளில் 1,30,000. வீட்டு அறைக்குள் 18,60,000. ஒரு சர்க்கரைக் கட்டி அளவு காற்றில் இத்தனை. இன்றும் அந்த மிக நுண்ணிய துகள்களுக்கு 'எய்ட்கன் கருக்கள்' என்றுதான் பெயர்.

இந்த எண்ணும் கருவி ஒரு மலையுச்சிக்கும் போனது. நான் சொல்ல வந்த இடம் அந்த மலைதான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊருக்கு மேலே நிற்கிறது பென் நெவிஸ். உயரம் 1,345 மீட்டர். நம் குன்னூரைவிடக் குறைவு. ஆனாலும் பிரிட்டன் முழுவதிலும் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. அட்லான்டிக் கடலின் ஈரக்காற்று நேராக வந்து மோதும் இடம் என்பதால் உச்சி பெரும்பாலான நேரம் மேகத்துக்குள் இருக்கும். ஆண்டு மழை சுமார் 4,000 மில்லிமீட்டர். 1881 கோடையில் கிளெமென்ட் ராக் என்பவர் தினமும் அதிகாலையில் புறப்பட்டு உச்சிக்கு ஏறி, வெப்பமும் காற்றழுத்தமும் குறித்துக்கொண்டு இறங்கினார். அதே நேரங்களில் அவர் மனைவி அடிவாரத்தில் கடல் மட்டத்து அளவுகளைக் குறித்தார். 1882 கோடையிலும் ராக் ஏறினார். அந்த அளவீடுகளைப் பார்த்த பிறகுதான் உச்சியில் நிரந்தரமாக ஓர் ஆய்வகம் கட்டலாம் என்ற நம்பிக்கை வந்தது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். 1883 அக்டோபர் 17 அன்று கற்சுவர் ஆய்வகம் திறக்கப்பட்டது. தலைமைப் பொறுப்புக்கு ராக் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ராபர்ட் ஓமண்ட் நியமிக்கப்பட்டார். ராக் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

பென் நெவிஸ் உச்சி ஆய்வகத்தில் இருந்தவர்களின் வேலையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இரவு பகல் பாராமல் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் வெளியே போய் வெப்பமானியைப் படிக்க வேண்டும். குளிர்காலத்தில் பனி கதவை மூடிவிடும். அதற்காகவே ஒரு கோபுரம் கட்டி அதன் மேல் பகுதியில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். பனி ஏற ஏற வெப்பமானிப் பெட்டியையும் ஏணி போன்ற சட்டத்தில் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போவார்கள். இருபது ஆண்டு, மணிக்கு மணி. 1890 முதல் எய்ட்கனின் துகள் எண்ணியும் அவர்கள் கையில் இருந்தது.

கோடையில் இவர்கள் ஓய்வுக்கு இறங்கும்போது பதிலாள் தேவைப்படும். அப்படி 1894 செப்டம்பரில் இரண்டு வாரம் வந்தவர்தான் சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன். அப்போது வயது 25. ஆடு வளர்க்கும் விவசாயியின் மகன். நான்கு வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் மான்செஸ்டருக்குப் பெயர்ந்தது. மருத்துவம் படிக்க நினைத்தவர், உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குப் போய் இயற்பியல் பக்கம் திரும்பினார். இடையில் பிராட்ஃபோர்டு நகரில் சில மாதம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். என்னைப் போன்ற ஒருவருக்கு அந்தச் சில மாதங்கள் பெரிய விஷயம்.

அந்த இரண்டு வாரமும் வில்சன் பார்த்தது மேகத்தின் மேல் விழுந்த வெயிலை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, கீழே பள்ளத்தாக்கில் நிறைந்த மூடுபனியில் அவர் நிழல் விழுந்தது. நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம். நானும் ஒரே ஒரு முறை கோத்தகிரிச் சாலையில் விடியற்காலையில் இதைப் பார்த்திருக்கிறேன். பேருந்துக்குக் காத்திருந்தேன், கீழே தேயிலைச் சரிவின் மேல் பஞ்சு போலப் பரவிய மூடுபனியில் என் நிழல் நீண்டு கிடந்தது, தலையைச் சுற்றி உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாக வளையம். கையை ஆட்டினால் நிழலும் ஆட்டியது. பக்கத்தில் நின்றிருந்தவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரிந்தது. பேருந்தை விட்டுவிட்டேன். ஆகவே வில்சனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வளையத்தை ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு அவர் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1895 தொடக்கத்தில் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் சொந்தமாகக் கண்ணாடி ஊதிக் கருவி செய்தார். உள்ளே ஈரக்காற்று, கீழே பிஸ்டன். பிஸ்டன் சட்டென்று இறங்கினால் காற்று விரிந்து குளிரும். என் மாணவன் கையில் இருந்த பாட்டிலுக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. திரும்பத் திரும்ப விரியவிட்டால், உள்ளே இருந்த தூசி எல்லாம் துளியோடு சேர்ந்து கீழே விழுந்து காற்று சுத்தமாகிவிடும். எய்ட்கன் சொன்னபடி அதற்குப் பிறகு மேகம் வரக்கூடாது.

வந்தது. பழைய அளவைவிட 1.25 மடங்குக்கு மேல் காற்றை விரியவிட்டபோது, சுத்தமான காற்றிலும் சில துளிகள் தோன்றி மழை போல விழுந்தன. விழுந்ததைக் கழித்துவிட்டு மறுபடி செய்தால் மறுபடியும் அதே அளவு துளிகள். எத்தனை முறை செய்தாலும் தீரவில்லை. தூசியாக இருந்தால் தீர்ந்திருக்க வேண்டும். ஆகவே காற்றுக்குள்ளேயே ஏதோ கரு ஓயாமல் புதிதாக உண்டாகிறது. விரிவை 1.38 மடங்குக்கு மேல் கொண்டுபோனால் கதையே மாறியது. துளிகளாக இல்லாமல், பால் போன்ற அடர்ந்த மூட்டம் கலனை நிறைத்தது. எந்த அந்நியக் கருவும் தேவைப்படாமல் நீர் மூலக்கூறுகள் தாமாகவே கூடித் துளியான காட்சி அது.

அதுவரை அப்படி நடக்காமல் தடுத்தது எது? இதற்கான விடையின் பாதி 1871இலேயே கெல்வின் பிரபுவிடம் இருந்தது. தட்டையான நீர்ப்பரப்பில் உள்ள மூலக்கூறைச் சுற்றிலும் பக்கத்து மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன. மிகச் சிறிய துளியின் பரப்பு வளைந்தது. அங்கே ஒரு மூலக்கூறைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் குறைவு. ஆகவே சிறிய துளி பெரிய துளியைவிட வேகமாக ஆவியாகிறது. இதை வகுப்பில் சொல்ல நான் ஈர விறகு அடுப்பைத்தான் உதாரணம் காட்டுவேன். மழைக்காலத்தில் நனைந்த சுள்ளியில் தீ மூட்டியவர்களுக்குத் தெரியும், முதல் சுடர் தன் சூட்டைச் சுள்ளியின் ஈரத்துக்கே கொடுத்துவிட்டு அணைந்துபோகும். பத்து முறை மூட்டினால் பத்து முறையும் அணையும். எப்படியோ ஓர் அளவுக்குத் தீ வளர்ந்துவிட்டால் பிறகு ஊத வேண்டியதில்லை, ஈர விறகையும் அதுவே உலர்த்தி எரித்துக்கொள்ளும். ஆவியிலும் இதுவே நடக்கிறது. இரண்டு மூலக்கூறு சேர்கிறது, மூன்று சேர்கிறது, பிரிகிறது. ஒவ்வொரு கணமும் கோடிக்கணக்கான சின்னக் கொத்துகள் உருவாகிக் கலைகின்றன. ஏதோ ஒரு கொத்து எல்லை அளவைத் தாண்டிவிட்டால் கலைவதைவிட வளர்வது எளிதாகிறது. நீராவி, காற்று தாங்கும் தெவிட்டு நிலையைப்போல் நான்கு மடங்காக இருக்கும்போது அந்த எல்லை எவ்வளவு என்று கெல்வினின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஆரம் ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. மூலக்கூறு சுமார் தொண்ணூறு. எட்டு மடங்கு என்றால் முப்பதுக்கும் குறைவு.

வில்சனின் 1.25 என்பது ஏறக்குறைய அந்த நான்கு மடங்கு, 1.38 என்பது எட்டு மடங்கு. தூசி இருந்தால் இந்த எல்லையைத் தாண்டப் பாடுபட வேண்டியதே இல்லை, தூசியே ஏற்கெனவே எல்லையைத் தாண்டிய மேடை. இந்தக் கொத்துக் கணக்கைப் பிறகு ஜெர்மனியில் வோல்மரும் வேபரும் 1926இலும், பெக்கரும் டோரிங்கும் 1935இலும் முழுக் கோட்பாடாக எழுதினார்கள்.

சரி, 1.25இல் சில துளிகளைப் பிறப்பித்த அந்தத் தீராத கரு? மின்னூட்டம் பெற்ற அயனி என்று வில்சன் சந்தேகித்தார். 1895 இறுதியில் ரான்ட்கன் எக்ஸ் கதிரை அறிவித்தார். சில வாரத்தில், 1896 பிப்ரவரியில், வில்சன் தன் கலன் மேல் அந்தக் கதிரைப் பாய்ச்சினார். முன்பு எண்ணிவிடக்கூடிய அளவில் விழுந்த துளிகளின் இடத்தில் பல நிமிடம் நின்ற அடர்ந்த மூட்டம். கதிர் காற்றை அயனியாக்கியது, ஒவ்வோர் அயனியும் ஒரு துளிக்குக் கருவானது. அங்கிருந்து 1911க்கு வந்தால், கதிரியக்கத் துகள் ஒன்று பறந்துபோன பாதை நெடுக அயனிகள் கிடக்க, அவற்றின் மேல் நீர் படிந்து, நூல் பிடித்தது போல வெள்ளைக் கோடு. அணுவுக்குள்ளிருந்து வந்த ஒன்றின் தடத்தை மனிதக் கண் அன்றுதான் கண்டது. 1927இல் வில்சனுக்கு நோபல் பரிசு. 1932இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டதும் 'மேக அறை' என்று பெயர் பெற்ற இப்படியொரு கலனில்தான்.

நம் பாடப்புத்தகங்களில் மேக அறைக்கு ஒரு படமும் நாலு வரியும் உண்டு. நான் கல்லூரியில் படித்தபோது அந்தக் கருவி அலமாரியில் பூட்டிக் கிடந்தது; படத்தை மட்டும் வரைந்து மதிப்பெண் வாங்கினேன். அது 'அயனியாக்கும் கதிர்களைக் கண்டறியும் கருவி' என்று எழுதினேன். மேகத்தை உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டு ஒருவர் செய்த கருவி அது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பெயரிலேயே மேகம் இருந்தும் அது ஏன் என்று நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய வருத்தம் அதுதான்.

கலனுக்குள் தூசியில்லாமலும் மேகம் வந்தாலும், வானத்து மேகத்தைப் பொறுத்தவரை எய்ட்கனே சரி. வானத்தில் நீராவி தெவிட்டிய நிலையைத் தாண்டுவது பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. நான்கு மடங்குக்கு அங்கே வழியில்லை. ஆனால் எய்ட்கனே இன்னொன்றையும் கவனித்திருந்தார்: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில், வெயில் அடித்தபோது துகள்களின் எண்ணிக்கை ஏறியது. புகை இல்லை, புழுதி இல்லை, காற்றிலேயே துகள் புதிதாகப் பிறந்தது. இதைப் புரிந்துகொள்ள நூறு ஆண்டு ஆனது. அயர்லாந்தின் மேஸ் ஹெட் கரையில் அளந்தவர்கள், ஓதம் இறங்கிக் கடற்பாசி வெயிலில் காயும்போது அது வெளிவிடும் அயோடின் ஆவிகளே கொத்துக் கூடித் துகளாகின்றன என்று 2002இல் காட்டினார்கள். பின்லாந்தின் ஹைட்டியலா பைன் காட்டில் மார்க்கு குல்மாலாவின் குழு 1990களிலிருந்து, காலை வெயிலில் பிறக்கும் துகள் மாலைக்குள் பல மடங்கு வளர்வதைப் பதிவு செய்துவருகிறது. நீர் தனியாகச் செய்ய முடியாததைக் கந்தக அமிலம், அம்மோனியா, அமீன்கள், பைன் மரம் விடும் மணத்தின் ஆவிகள் ஆகியவை மிகக் குறைந்த அளவிலேயே செய்துவிடுகின்றன. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் 26 கன மீட்டர் எஃகுக் கலன் ஒன்றில் 2009 முதல் இதைத்தான் சோதிக்கிறார்கள். அண்டக்கதிர்கள் உண்டாக்கும் அயனிகள் இந்தக் கொத்துகள் கலையாமல் நிற்க உதவுகின்றன என்று 2011இல் அங்கே கண்டார்கள். வில்சனின் அயனி, எய்ட்கனின் துகள் பிறப்பதற்கே கைகொடுக்கிறது. உலக மேகங்களின் கருக்களில் ஏறத்தாழப் பாதி இப்படி ஆவியிலிருந்து பிறந்தவை என்று கணினி மாதிரிகள் கணிக்கின்றன.

பென் நெவிஸ் ஆய்வகம் 1904இல் பணமில்லாமல் மூடப்பட்டது. வில்சன் சுமந்து வந்த அந்த இரண்டு வாரத்தின் விலை என்னவென்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. உச்சியில் இன்று இடிந்த சுவர்கள் நிற்கின்றன. கோபுர இடிபாட்டின் மேல் மலையேறிகளுக்கு ஓர் அவசரத் தங்குமிடம். அந்த மணிக்கு மணி ஏடுகளை 2017இல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே படித்து, பதினைந்து லட்சம் அளவீடுகளைக் கணினியில் ஏற்றினார்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேக அறைப் படத்தைக் கரும்பலகையில் வரைவதற்கு முன் ஒரு பாட்டிலும் ஒரு ஊதுவத்தியும் எடுத்துப் போங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மேகத்தை வரவழைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். திங்கட்கிழமை அவர்களே வந்து கேட்பார்கள்.